ஐஸ் பெட்டிக்கு மைண்ட்செட்

சேவியர்ராஜின் தொழிலில் விளம்பரம் கிடையாது. "வாங்க" கிடையாது, "நன்றி" கிடையாது, "போயிட்டு வரேன்" அறவே கிடையாது. சாவு வீட்டுக்குப் போன எவனும் சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டான். ஐஸ் பெட்டியோடு போனவன் சொல்லிக்கொண்டால் முதுகில் தோல் இருக்காது. கள்ளக்குறிச்சியைச் சுற்றியிருக்கிற ஊர்களில் யாருக்காவது மூச்சு நின்றால், அழுகை கொஞ்சம் அடங்கியதும் வீட்டில் யாரோ ஒருவர் போனை எடுப்பார். இந்தப் பக்கம் சேவியர்ராஜ் இரண்டே கேள்வி கேட்பார். "எந்தத் தெருங்க? வூட்ல கரண்ட் இருக்குதுங்களா?" யார், எப்படி, என்ன வயசு என்றெல்லாம் கேட்கிற பழக்கமில்லை. குட்டியானை வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போய், நடுவீட்டில் இறக்கி, பிளக்கைச் சொருகி, குளிர் ஏறுகிறதா என்று கண்ணாடியில் கை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி வெளியே வந்துவிடுவார்.

அந்த நடுவீடு அவர் மகள் ஜூலியாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வேடிக்கை. மற்ற நாளில் அப்பாவை வாசலிலேயே நிறுத்தி, சொம்பை உயரத் தூக்கிக் கையில் தண்ணீர் ஊற்றுகிற வீடுகள், சாவு விழுந்தால் மட்டும் "உள்ள வா சேவியரு, இப்டிக்கா வா" என்று சாமி படத்துக்குக் கீழே வரைக்கும் கூப்பிடும். ஜூலியா பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள், அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். கல்லூரியில் எல்லாப் பொருளுக்கும் உறைநிலை சொல்லிக்கொடுத்தார்கள். சாதிக்கு எத்தனை டிகிரி என்று மட்டும் சொல்லித்தரவில்லை. அதை அவள் அப்பாவின் பெட்டியைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

எல்லா விதிக்கும் மேலே ஒரு விதி இருந்தது. நாம் கூப்பிடக் கூடாது. அவர்கள்தான் கூப்பிட வேண்டும். ஒரு தெருவில் யாரோ படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்று காதில் விழுந்தால், சேவியர்ராஜ் அந்தத் தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டுதான் வண்டி ஓட்டுவார். சந்தையில் எதிரே பார்த்தால்கூட "உடம்பு எப்படி" என்று கேட்க மாட்டார். ஐஸ் பெட்டிக்காரன் நலம் விசாரித்தால் குறுக்கே போன பூனைகூட நின்று கும்பிடு போடும்.

இந்த மனிதரைத்தான் "மார்க்கெட்டிங் மைண்ட்செட் இல்லை" என்று பிடித்தான் பகலவன். 

பகலவன் முதலில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்றான். பிறகு இன்சூரன்ஸ் விற்றான். அதற்குப் பிறகு தொப்பை குறைக்கும் பொடி விற்றான், அவன் தொப்பையே அதற்கு எதிர்சாட்சி சொன்னது. எதையும் விற்க முடியாமல் போனபோது, விற்பது எப்படி என்பதை விற்க ஆரம்பித்தான். அதற்குக் கிடங்கு வேண்டாம், சரக்கு அழுகாது. துருகம் சாலையில் ஒரு செல்போன் கடைக்கு மேலே "பகலவன் எழுச்சி மையம்" என்று போர்டு தொங்கியது. இன்ஸ்டாகிராமில் கோட்டு போட்டுக்கொண்டு, கையை விரித்துக்கொண்டு, "உங்களைத் தடுப்பது உலகம் இல்லை, உங்கள் எண்ணம்" என்று தினமும் ஊரில் உள்ளவர்களைத் திட்டினான். ஊர் லைக் போட்டது.

ஒரு கல்யாண மண்டபத்தில் அவனுடைய இலவசக் கூட்டம். பெட்டியோடு பிளாஸ்டிக் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர் என்பதால் சேவியர்ராஜ் நாற்காலி இறக்கப் போயிருந்தார். பகலவன் மேடையிலிருந்து அவரைக் கூப்பிட்டான். தொழில் என்ன என்று கேட்டான். அவர் தயங்கிச் சொன்னதும், "பாருங்க! இவர்தான் உண்மையான தொழில்முனைவோர்!" என்று கத்தி, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். கேமராக்கள் மின்னின.

வீட்டுக்கு வந்த சேவியர்ராஜ் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். 

"கைய புடிச்சான் ஜூலி," என்றார். "எல்லார் எதிர்லயும்."

கடைகளில் அப்பாவிடம் தருகிற மிச்சக் காசைக்கூடக் கல்லாப்பெட்டிமேல் வைத்துத் தள்ளுவார்களே தவிரக் கையில் கொடுக்க மாட்டார்கள். பிணம் தொட்ட கை. அந்தக் கையை ஒருவன் பிடித்திருக்கிறான். அதற்கப்புறம் அவன் என்ன சொன்னாலும் அப்பா செய்வார் என்று ஜூலியாவுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

செய்தார். "புனித சூசையப்பர் ஐஸ் பெட்டி சர்வீஸ்" ஒரே வாரத்தில் "எஸ்.ஜே. கூல் சொல்யூஷன்ஸ்" ஆனது. நல்ல சாவு தருகிற சூசையப்பர் இங்கிலீஷில் இரண்டு எழுத்தாகச் சுருங்கிக் குளிர்பானக் கம்பெனி மாதிரி நின்றார். பகலவனின் ஆள் ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்தான். வண்டிக்குப் பின்னால் "நன்றி! மீண்டும் வருக!" பெட்டி மூடியின் மேல், மாலை போடுகிற இடத்துக்குச் சரியாகக் கீழே, "எங்களை ஃபாலோ பண்ணுங்க".

"எங்க போறதுக்கு ஃபாலோ பண்ணணுமாம்?" என்றாள் அம்மா ஆனந்தமேரி.

விடிகாலையில் கண்ணாடி முன்னால் நின்று சொல்ல வேண்டிய வாசகம் வாட்ஸப்பில் வந்தது. சேவியர்ராஜ் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பூசை காண்கிற பக்தியோடு சொல்வார்: "நான் ஒரு காந்தம். வாடிக்கையாளர்கள் என்னை நோக்கி வந்துகொண்டே இருக்கிறார்கள்."

"யோவ், நிறுத்துய்யா," என்று அடுப்படியிலிருந்து ஆனந்தமேரி கத்துவாள். "ஊரே காலியாயிடப் போவுது."

"மேரி, உனக்கு நெகட்டிவ் மைண்டு."

"ஆமா, எனக்கு நெகட்டிவ். நீ பாசிட்டிவ்வா ஆடித் தள்ளுபடி போடு. ஒரு பொணத்துக்கு ஒரு பொணம் ஃப்ரீன்னு போடு."

இன்ஸ்டாகிராம் பக்கத்தை ஜூலியாதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. படித்தவளாம். வாடிக்கையாளர் சாட்சியம் எடுத்து வீடியோ போடு என்று வகுப்பில் பகலவன் சொன்னபோது, "யார்கிட்ட சார் எடுக்கறது? உள்ள படுத்திருந்தவர்கிட்டயா?" என்று கேட்டாள்.

அவன் மற்றவர்கள் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா? இதுதான் லிமிட்டிங் பிலீஃப், நம்மள நாமே கட்டிப்போடற எண்ணம்," என்றான். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் கல்வராயன் மலை முகாம். கரியாலூரில் ஒரு விடுதியைப் பிடித்திருந்தான். "செல்வம் உங்களைச் சுற்றி எங்கும் நிறைந்திருக்கிறது" என்று முகாம் வாசலில் பேனர். செல்வம் எப்படியோ, செல்போன் சிக்னல் அங்கே எங்கும் நிறைந்திருக்கவில்லை. விடுதிக்குப் பின்னால் தண்ணீர்த்தொட்டி பக்கத்தில் மட்டும் இரண்டு கோடு வரும். அதனால் மாவட்டத்தின் வருங்காலத் தொழிலதிபர்கள் அத்தனை பேரும் அந்தத் தொட்டியைச் சுற்றி, மாடு தண்ணிக்கு நிற்கிற மாதிரி நின்றார்கள். கோழிப்பண்ணைக்காரர் ஒருவர், மரவள்ளி சிப்ஸ் போடுகிறவர் ஒருவர், மணப்பெண் அலங்காரம் செய்கிற தனுஷா, இன்னும் பலர். அருவிக்கு வந்த சுற்றுலாக்காரர்கள் இதென்ன புது வேண்டுதல் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அன்றைய பாடம், ஃபாலோ-அப். சீக்கிரம் நம்மிடம் வாங்கப் போகிறவர் யாரோ, அவரை நாமே கூப்பிட வேண்டும். ஸ்பீக்கரில் போட்டு, எல்லோர் முன்னாலும், லைவில். தனுஷா நிச்சயமான ஒரு பெண்ணைக் கூப்பிட்டு முகூர்த்தத்துக்கு ஆர்டர் வாங்கினாள். கோழிப்பண்ணைக்காரர் ஒரு பிரியாணிக் கடையைக் கூப்பிட்டார். கைதட்டல்.

"அடுத்து நம்ம சேவியர் சார்!"

சேவியர்ராஜ் பின்வாங்கினார். கூட வந்திருந்த ஜூலியா முன்னே வந்தாள். "சார், எங்க தொழில்ல நாங்க கூப்பிடக் கூடாது. அவங்கதான் கூப்பிடணும்."

"யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? சாவு வூட்டுக்குப் போயிருக்கீங்களா சார் நீங்க?"

பகலவன் சிரித்தபடி அப்பாவின் தோளில் கை போட்டான். "சார், உங்க பொண்ணு பயப்படறாங்க. நீங்க சொல்லுங்க. நீங்க தொழில்முனைவோரா, இல்ல பெட்டி தூக்கறவரா?"

ஜூலியா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். தோளில் கிடந்த அந்தக் கையைப் பார்த்தாள். முடிந்தது கதை.

சேவியர்ராஜ் போனில் ஒரு பெயரைத் தேடினார். கோபித்துக்கொள்ளாத ஆள் யார் என்று யோசித்திருக்கிறார், பாவம். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சின்னதுரை. கரும்பு லோடு இறக்கப் போன காலத்திலிருந்து பழக்கம். போன தீபாவளிக்குப் பிறகு பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடக்கிறார். போனை அவர் மனைவி ராணியம்மாள் எடுப்பாள், ரெண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடலாம் என்பது சேவியர்ராஜின் கணக்கு. ராணியம்மாள் அந்தப் போனை நியூஸ் கேட்கட்டும் என்று புருஷனின் தலைமாட்டில் வைத்திருப்பது அவருக்குத் தெரியாது.

"அலோ," என்றது குழறலான ஆண் குரல். "யாரு?"

"நாங்க... எஸ்.ஜே. கூல் சொல்யூஷன்ஸ்லேர்ந்து பேசறங்க."

"இன்னாது?"

பகலவன் கையால் 'மேலே, மேலே' என்று காட்டினான். சேவியர்ராஜ் மனப்பாடம் ஒப்பித்தார். "உங்க குடும்பத்தோட வருங்காலத் தேவைய நாங்க நல்லா புரிஞ்சிக்கினு..."

"சேவியரா?"

"ஆமாண்ணா."

"டேய், நான் சின்னதொரதான்டா பேசறேன்."

"தெரியுதுண்ணா."

"நான் இன்னும் போவலடா."

தொட்டியைச் சுற்றிச் சிரிப்பு வெடித்தது. பகலவன் அப்பாவின் காதருகே குனிந்தான். "கேளுங்க, எப்போ எதிர்பார்க்கலாம்னு கேளுங்க. அதான் ஆர்டர் குளோசிங்!"

சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிற கிளி மாதிரி சேவியர்ராஜ் கேட்டார்: "எப்போங்க... எதிர்பார்க்கலாம்?"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது. "எவன்டா அவன்!" என்று ராணியம்மாளின் குரல் வந்தது. கட்டாகிவிட்டது.

"இதுக்குப் பேருதான் தைரியம்!" என்று பகலவன் கேமராவைப் பார்த்துக் கத்தினான். "கை தட்டுங்க!"

தட்டினார்கள். தனுஷா மட்டும் தட்டாமல் ஜூலியாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

மலை இறங்குவதற்குள் அந்த வீடியோ இறங்கிவிட்டது. அழுகிற சிரிப்புப் பொம்மைகளோடு, பின்னால் தவில் சத்தம் சேர்த்து, "எப்போங்க எதிர்பார்க்கலாம்?" என்று அப்பாவின் முகம் மாவட்டம் பூராவும் ஓடியது. போன் விடாமல் அடித்தது. அப்பா முதலில் ஆசையாகத்தான் எடுத்தார்.

"ஐஸ் பெட்டிங்களா? எங்க மாமியாருக்கு ஒன்னு வேணும். இன்னும் சாவல. நீங்க வந்து ஒரு வார்த்த கேட்டீங்கன்னா பயத்துலயே போயிடும்."

"அண்ணே, எனக்கு ஒன்னு புக் பண்ணுங்க. தையில போலாம்னு இருக்கேன்."

சிரிப்புப் போன்கள் ஓய்ந்ததும் வேறு எந்தப் போனும் வரவில்லை. ஊரில் சாவு நின்றுவிடவில்லை. பஸ் ஸ்டாண்டு சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் புதிது புதிதாக ஒட்டத்தான் செய்தார்கள். ஒட்டுகிற வீடெல்லாம் உளுந்தூர்பேட்டை ஐஸ் பெட்டிக்காரனைக் கூப்பிட்டது. அவ்வளவு தூரத்திலிருந்து வந்து, இவர்கள் வீட்டு வாசல் வழியாகவே அவன் வண்டி போனது. பெட்டி சும்மா கிடந்தால் கம்ப்ரஸர் கெட்டுவிடும் என்று சேவியர்ராஜ் தினமும் கொஞ்ச நேரம் வெறும் பெட்டியை ஓடவிடுவார். அந்த உறுமலைக் கேட்டபடி மூன்று பேரும் சாப்பிடுவார்கள். இந்தப் பெட்டி ஓடினால்தான் அந்த வீட்டில் அடுப்பு. ஒருமுறை ஊர் "அவன் சாவைக் கூப்பிடறவன்" என்று முடிவு கட்டிவிட்டால் அப்புறம் அந்தப் பெட்டியில் மோர்தான் குளிர வைக்கலாம். ஜூலியா தன் சான்றிதழ்களை எடுத்துப் பார்த்தாள். இயற்பியலுக்கு ஊரில் அவ்வளவாகக் கிராக்கி இல்லை.

அவள் சின்னதுரை வீட்டுக்குப் போனாள். பஸ்ஸில்தான். வண்டியில் போனால் கல்லெறி நிச்சயம்.

ராணியம்மாள் வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஒல்லிக்குச்சி உடம்பு, ஊருக்கே கேட்கிற தொண்டை. 

"பெரியம்மா, அன்னிக்கு அப்பா..."

"வாடி வா. எம் புருசன எந்தத் தேதிக்கு அனுப்பறேன்னு கேட்டுக்கினு போவ வந்தியா? தேதி குறிச்சதும் பத்திரிக அடிச்சி அனுப்பறேன், குடும்பத்தோட வந்துடுங்க."

"தப்புதான் பெரியம்மா. அந்த ஆளு தூண்டிவுட்டு..."

"தூண்டிவுட்டா? உங்கப்பன் இன்னா வெளக்கா, தூண்டிவுடறதுக்கு? மெட்ராசுல எம்மவன் பழனி வேல செய்யிற எடத்துல, அந்த வீடியோவப் போட்டுக் காட்டி சிரிக்கிறானுவளாம். சோறு எறங்கல அவனுக்கு. மொதல்ல அத அழிக்கச் சொல்லு, அப்பால வந்து பெரியம்மான்னு கூப்பிடு."

உள்ளேயிருந்து சின்னதுரையின் குரல் குழறியது. "வுடுடி அந்தப் புள்ளைய..."

"நீ கம்முனு செத்த பொணமாட்டம்..." என்று ஆரம்பித்த ராணியம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்தக் கோபத்தையும் சேர்த்து ஜூலியாவின் மேல் எறிந்தாள். "உங்க பொட்டி இந்த வாசப்படி ஏறுச்சின்னா நான் பொம்பள இல்ல. போ!"

ஜூலியா அங்கிருந்து நேரே எழுச்சி மையத்துக்குப் போனாள். மையத்தின் கதவில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டியிருந்தது. மேலே பல்லைக் காட்டுகிற திருஷ்டிப் பூசணி. எண்ணம்தான் எல்லாம் என்பவனுக்கு எதற்கு இவ்வளவு காவல் என்று நினைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தாள்.

"வீடியோவ எடுத்துடுங்க சார்."

"எதுக்கும்மா?" பகலவன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். "மூணு லட்சம் வியூஸ். அடுத்த முகாமுக்கு அதான் நமக்கு விளம்பரமே. நீங்க ஃபேமஸ் ஆயிட்டீங்க."

"எங்களுக்கு போன் வரல சார். தொழில் போச்சு."

"கன்சிஸ்டென்சி இல்ல, அதான். ஒரு நாள் பேசிட்டு விட்டுடறீங்க. உங்க கஸ்டமர் எங்க இருக்காங்களோ அங்க போய் நில்லுங்க. தினமும் அவங்க கண்ணுல படுங்க. ஷோ அப் பண்ணணும்."

"எங்க கஸ்டமர் யாரு சார்?"

பகலவன் சுழல் நாற்காலியில் சாய்ந்து, கையை விரித்தான். "யோசிச்சுப் பாரும்மா. எல்லாருமே உங்க கஸ்டமர்தான்!" தன் ஜோக்குக்குத் தானே சிரித்து, அதை ரீலுக்காகக் குறித்தும் வைத்துக்கொண்டான்.

ஜூலியாவும் குறித்துக்கொண்டாள். அவன் சொன்னதில் உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான்.

அடுத்த வகுப்பு தொடங்குகிற நாள் காலையில், குட்டியானையைக் கழுவி, பெட்டியை ஏற்றிக் கயிறு கட்டினாள். சேவியர்ராஜ் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். 

"அவருகிட்டப் போயி சண்ட போடாத ஜூலி. பெரிய மனுசன்."

"சண்ட இல்லப்பா. அவரு குடுத்த ஹோம்ஒர்க்."

துருகம் சாலையில் மையத்தின் படிக்கட்டுக்கு நேரே, வெள்ளைக்கோடு தாண்டாமல், அழகாக ஓரங்கட்டி வண்டியை நிறுத்தினாள். பெட்டியின் கண்ணாடி வெயிலில் மின்னியது. "எங்களை ஃபாலோ பண்ணுங்க" என்ற எழுத்து தெருவைப் பார்த்துச் சிரித்தது.

முதலில் வந்தது ஒரு ரியல் எஸ்டேட்காரர். நெற்றி நிறைய விபூதி. வண்டியைப் பார்த்தார், படியைப் பார்த்தார், மறுபடி வண்டியைப் பார்த்தார். "மறந்துட்டேன், ஒரு வேல இருக்குது," என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு புல்லட்டைத் திருப்பினார். ஜவுளிக்கடை திறக்கப்போகிற தம்பதி ஆட்டோவிலிருந்து இறங்கவே இல்லை. தனுஷா ஸ்கூட்டியை நிறுத்தி, பெட்டியையும் ஜூலியாவையும் மாற்றி மாற்றிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, "நல்லா பண்ண," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"யாரும்மா போயிட்டது மேல?" என்று எதிர்ப்பக்கத்துப் பூக்காரி கேட்டாள். "மால கட்டட்டா?"

"இன்னும் இல்ல அக்கா. சும்மா நிக்கிறோம்."

டீக்கடைக்காரர் மேலே டீ அனுப்புவதை நிறுத்திவிட்டார். மறுநாளும் ஜூலியா அதே இடத்தில் நின்றாள். கன்சிஸ்டென்சி. அன்றைக்குக் கோழிப்பண்ணைக்காரர் மட்டும் துணிந்து படியேறினார். பாதியில் நின்று, வீட்டுக்குப் போன் போட்டு எல்லோரும் நன்றாக இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு, இறங்கிப் போய்விட்டார்.

பகலவனே கீழே வந்தான். கோட்டு இல்லை. 

"ஏம்மா, இன்னா இது?"

கேமரா இல்லாத இடத்தில் அவனுக்கும் 'இன்னா'தான் வருகிறது என்பதில் ஜூலியாவுக்கு ஒரு சந்தோஷம்.

"ஷோ அப் சார். கஸ்டமர் கண்ணுல படறோம்."

"நல்ல காரியம் ஆரம்பிக்கிற எடம்மா. ஜனங்க பயப்படுது. அபசகுனமா..."

"அது லிமிட்டிங் பிலீஃப் சார். மைண்டுல இருக்கிற பயம். அவங்களத் தடுக்கறது எங்க பெட்டி இல்ல, அவங்க எண்ணம்."

"நான் போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. எஃப்.சி. இருக்குது, இன்சூரன்ஸ் இருக்குது, கோட்டுக்குள்ளதான் நிக்குது. போலீஸும் எங்க கஸ்டமர்தானே சார், நீங்கதான் சொன்னீங்க, எல்லாரும்னு."

பூக்காரி கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தாள். டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம் நின்றது. மாடியிலிருந்து பூசணி பல்லைக் காட்டியது.

"இன்னா வேணும் உனக்கு?"

"தெரியுமே சார்."

அவன் போனை எடுத்தான். வீடியோவைத் திறந்தான். கட்டைவிரல் அதன்மேலேயே நின்றது. சொந்தக்காரர் செத்தால்கூட அப்படித் தயங்கியிருக்க மாட்டான். "மூணு லட்சத்து..." என்று முணுமுணுத்துக்கொண்டே அழித்தான். ஜூலியா தன் போனில் பார்த்தாள். "இன்னொரு பக்கம் வச்சிருக்கீங்களே, அதுலயும்." அதிலும் அழித்தான். அடுத்தவர்கள் சேமித்து வைத்திருப்பதை யாரும் அழிக்க முடியாது, அது அவளுக்கும் தெரியும். ஆனால் மூலத்தில் செத்தது செத்ததுதான்.

அப்போதுதான் சேவியர்ராஜ் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். சண்டையைச் சமாதானத்தில் முடிக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. 

"சார், சின்னப் பொண்ணு. தப்பா எடுத்துக்காதீங்க," என்று கையை நீட்டினார். அதே வலது கை.

பகலவன் ஓரடி பின்னால் வைத்தான். இரண்டு கையையும் சேர்த்து நெஞ்சோடு ஒட்டிக் கும்பிட்டான். "இருக்கட்டும், இருக்கட்டுங்க. வெரதத்துல இருக்கேன்."

நீட்டிய கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு சேவியர்ராஜ் அதைத் திருப்பி வண்டியின் கதவைச் சாத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு துணியில் மண்ணெண்ணெயை நனைத்து ஸ்டிக்கரைச் சுரண்ட ஆரம்பித்தார். 

ஆனந்தமேரி கதவோரம் வந்து நின்றாள். "இன்னாய்யா, காந்தம் கழண்டுகினுச்சா?"

"கழண்டுகினுச்சி," என்றார் அவர்.

அவள் அதற்கு மேல் சீண்டவில்லை. இன்னொரு துணி எடுத்துக்கொண்டு வந்து மறுபக்கம் உட்கார்ந்து சுரண்டினாள். அன்றே பகலவன் ஒரு ரீல் போட்டிருந்தான்: "உங்கள் எனர்ஜியைத் திருடுபவர்களை அடையாளம் காண்பது எப்படி?" ஊர் லைக் போட்டது.

போன் வரவில்லை. வீடியோ போய்விட்டால் உடனே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க அவர்கள் என்ன பகலவனின் மாணவர்களா? ஜூலியா சங்கராபுரத்தில் ஒரு தனியார் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டாள். வெறும் பெட்டி உறுமியது.

ஒருநாள் மதியம் அப்பா போனை வீட்டில் வைத்துவிட்டுக் கோயில் வேலையாகப் போயிருந்தபோது அது அடித்தது. ஜூலியா எடுத்தாள். கிண்டலாக இருந்தால் திருப்பித் திட்ட வாயைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

"சேவியரு கீறானா?"

குழறல். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. "பெரியப்பா? நான் ஜூலியா."

"அப்பன பொட்டி எடுத்துக்கினு வரச் சொல்லு."

பெட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் அவளுக்குள் ஏதோ ஒன்று துள்ளி எழுந்தது. போன் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷம் முகத்துக்கு ஏறுவதற்குள்தான் புத்தி வேலை செய்தது. பேசுகிறவர் உயிரோடு இருக்கிறார்.

"பெரியப்பா, நீங்க நல்லாத்தானே..."

"எனக்கில்ல."

போனில் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் எதுவும் இல்லை. பாத்திரம் இல்லை, அதட்டல் இல்லை, ஊருக்கே கேட்கிற அந்தத் தொண்டை இல்லை. ஜூலியாவுக்கு எழுந்த சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. கடைசியில் அப்பாவின் இரண்டாவது கேள்விதான் வாயில் வந்தது.

"வூட்ல கரண்ட் இருக்குதுங்களா?"

"இருக்குது. ஃபேன் ஓடுது."

அப்பாவைக் கோயிலில் ஏற்றிக்கொண்டு அவள்தான் வண்டி ஓட்டினாள். காலையில் கீரை ஆய்ந்துகொண்டே ராணியம்மாள் சாய்ந்துவிட்டாளாம். ஒரு நாள் படுக்கவில்லை, ஒரு மாத்திரை விழுங்கவில்லை. பழனி சென்னையிலிருந்து பஸ் ஏறிவிட்டான். வாசலில் நின்ற பெண்கள் பெட்டியைக் கண்டதும் முகத்தைத் திருப்பி வழிவிட்டார்கள். படிக்கட்டில் கால் வைக்கும்போது ஜூலியா நின்றுவிட்டாள். உங்க பொட்டி இந்த வாசப்படி ஏறுச்சின்னா.

"ஏறு," என்றது கட்டிலிலிருந்து குரல். "அவ சொன்னது எனக்கும் கேட்டுச்சி. பரவால்ல, ஏறு."

நடுவீட்டில் வைத்தார்கள். ராணியம்மாளைப் பெண்கள் உள்ளே கிடத்தினார்கள். விரல் நகத்தில் கீரையின் பச்சை அப்படியே இருந்தது. சேவியர்ராஜ் பிளக்கைச் சொருகினார். மூடியின் மேல் சுரண்டியும் போகாத பசை, "ஃபாலோ" என்ற எழுத்தின் நிழலாய்த் தெரிந்தது. ஜூலியா முதலில் வந்த மாலையை வாங்கி அதன்மேல் சரியாக வைத்தாள்.

சேவியர்ராஜ் கட்டில் பக்கம் திரும்பினார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தார்.

"தப்பான ஆளக் கேட்டுட்டியேடா," என்றார் சின்னதுரை. "என்னக் கேட்ட, எப்போன்னு. எனக்கு இன்னா தெரியும்? அவளையில்ல கேட்டிருக்கணும்."

அவர் முகத்தில் ஒரு பக்கம் மட்டும்தான் அசைந்தது. அது சிரிக்கிறதா அழுகிறதா என்று ஜூலியாவுக்குத் தெரியவில்லை. அசைகிற கையை நீட்டி அவர் சேவியர்ராஜின் கையை இறுகப் பிடித்தார். 

"தூக்கி உக்கார வைடா. இங்கேர்ந்து மூஞ்சி தெரியல."

சேவியர்ராஜ் ஒரு கையைப் பிடி கொடுத்தபடி, மற்றதை அவர் முதுகுக்குக் கீழே கொடுத்துத் தூக்கி, தலையணையை முட்டுக் கொடுத்து, பெட்டி தெரிகிற மாதிரி சாய்த்து உட்காரவைத்தார். கண்ணாடியில் கை வைத்துப் பார்த்தார். குளிர் ஏறிக்கொண்டிருந்தது.

பிறகு தலையைக் குனிந்தபடி வெளியே வந்தார். பின்னாலேயே ஜூலியாவும் வந்தாள். யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.